ஏழு மணி ஜெபம்

இன்றைக்குப் பார்த்துத்தானா வேதத்தில் அதிகாரம் இத்தனை சின்னதாக வந்து தொலைய வேண்டும் என்று ஜெயசீலி நினைத்தாள். நேற்று வாசித்தது எவ்வளவு நீளம். திரை, கொக்கி, பலகை, இத்தனை முழம் அத்தனை முழம் என்று ஒரு கூடாரத்தையே கண்முன்னால் கட்டி முடிக்கிற கணக்கு, மகள் கெசியா இரண்டு தடவை கொட்டாவி விட்டு அவள் டாடியிடம் முறைப்பு வாங்கினாள். அது இன்றைக்கு வந்திருந்தால் இன்னும் பத்து நிமிஷமாவது கிடைத்திருக்கும். பத்து நிமிஷம் கிடைத்து என்ன கிழிக்கப் போகிறாள், மூன்று மணியிலிருந்து நாலு மணி நேரம் கிடைத்ததே, அதை வைத்து என்ன செய்தாள்? சோறு வடித்தாள். கீரையை ஆய்ந்தாள், ஆய்ந்த கீரையை மறுபடி ஆய்ந்தாள். கொடியில் கிடந்த துணியை மழைக்கு முன்னால் எடுத்து மடித்தாள், கணவர் எபனேசரின் சட்டைகளில் பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், ஏதோ மனுஷன் நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிற மாதிரி. கிளம்ப மாட்டார். கிளம்ப வேண்டாம் என்று இவள்தான் முடிவு செய்துவிட்டாள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவருடைய அண்ணன் தேவதாசன் இன்று சாயங்காலம் ஊரில் இறந்துபோனார் என்பது இந்த வீட்டில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எபனேசர் வேதப் புத்தகத்தை மூடினார், கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார், "முழங்கால் போடுவோம்" என்றார். மூன்று பேரும் பாயில் முழங்கால் போட்டார்கள்.

பாய் இந்த ஊர்ப் பாய், மொரோகோரோ சந்தையில் வாங்கியது, ஓலையில் பின்னியது. நம்மூர்க் கோரைப்பாய் மாதிரி இதமாக இருக்காது, ஐந்து நிமிஷத்தில் முட்டியில் வரிவரியாக அச்சுப் பதித்துவிடும். தான்சானியாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, அவள் முட்டி இன்னும் இந்தப் பாய்க்குப் பழகவில்லை. வருஷம் பூராவும் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர். மேடும் பள்ளமுமான செம்மண் தெரு, தெருக்கோடியில் மலை, மலையிலிருந்து இறங்கி வருகிற மழை, அது வருவதற்கு முன்னால் வருகிற புழுக்கம். எபனேசர் இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஊர் மாறினாலும் ஏழு மணி ஜெபம் மாறவில்லை, சாயர்புரத்தில் அவர் அப்பா காலத்தில் எப்படியோ அப்படியே. சிறியவர் முதலில், அடுத்தது வீட்டுக்காரி, கடைசியில் குடும்பத் தலைவர். கண்ணைத் திறக்கக் கூடாது. நடுவில் பேசக் கூடாது. கல்யாணமான புதிதில், உங்க வீட்டுல கூரை பத்தி எரிஞ்சாலும் ஆமென் சொல்லிட்டுத்தான் தண்ணி வாளியத் தேடுவிய போல என்று அவள் கேலி செய்தாள், அவர் சிரிக்கவில்லை. இந்த வீட்டிலேயே ஒருநாள் குக்கர் பதினாலு விசில் அடித்துப் பருப்பு கரிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லாமல் இருந்து இப்போதுதான் வந்தது. செத்துக் கிடந்த அவர் போனை ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் போட்டிருக்கிறார். அது உயிர் பெற்று வெளிச்சம் அடித்தால் எல்லாம் முடிந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்குள் போனின் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

கெசியா ஆரம்பித்துவிட்டாள். பதினாறு வயதுப் பெண்ணின் ஜெபம், கொஞ்சம் தமிழ், நிறைய இங்கிலீஷ், நடுநடுவே ஸ்வாஹிலி, ஆண்டவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்கிற தைரியம். அடுத்த மாதம் வருகிற பரீட்சை, வகுப்புத் தோழிக்கு வந்த மலேரியா, என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஓடட்டும், மெதுவாக ஓடட்டும். மூன்று மணிக்கு ஆல்வின் கூப்பிட்டபோது இவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆல்வின் தேவதாசனின் மகன், அழாத பையன், போனிலும் அழவில்லை. "சித்தி, அப்பா போயிட்டாங்க. அஞ்சு மணிக்கு. சித்தப்பா போன் போகவே மாட்டேங்குது." ஊரில் அப்போது ஐந்தரை. அரிசித் தண்ணீர் கையிலிருந்து முழங்கைக்கு வழிந்தது. இரண்டு வருஷமாக வாரம் இரண்டு டயாலிசிஸ், எப்போது வேண்டுமானாலும் வரும் என்று தெரிந்த சேதிதான். "சித்தப்பா வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க சித்தி. வாரதா இருந்தா ரெண்டு மூணு நாள் ஃப்ரீசர்ல வைக்கோம். இல்லன்னா நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம் வைச்சுக்கிடலாம்னு சபை ஐயர் சொல்லுதாங்க." கேட்டுச் சொல்லுங்க என்றுதான் சொன்னான். பையன் தெளிவாகத்தான் சொன்னான். இவள் என்ன சொன்னாள்? "அவங்களால வரமுடியாது தம்பி. பாஸ்போர்ட் கையில இல்ல. நீங்க எடுத்துருங்க. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிடுதேன்." மூச்சுகூட விடவில்லை. யோசிக்கிறவள் கொஞ்சம் இழுப்பாள், ஐயோ என்பாள், இரு தம்பி என்பாள். அவள் இழுக்கவே இல்லை. வார்த்தை ஏற்கெனவே வாயில் தயாராக இருந்த மாதிரி வந்தது, அதுதான் அப்போதிலிருந்து உறுத்துகிறது. எடுத்துருங்க.

பாஸ்போர்ட் கையில் இல்லை என்பது பொய் இல்லை. இங்கே தங்குகிற பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது, வர இன்னும் பத்து நாளாவது ஆகும். ஆனால் அவசரம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் திருப்பி வாங்கலாம், போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற ஒரு மலையாளி வாத்தியார் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது, அதுவரை அவர் வகுப்பை வேறொருவர் எடுத்தார், அப்புறம் அவர் வேலை அந்த வேறொருவருக்கே போனது. அந்தப் பயம்தான், வேறென்ன. கெசியாவின் பரீட்சை, வாடகை வீடு, இந்த ஊரை விட்டால் எந்த ஊர், ஐம்பதை நெருங்குகிற கணக்கு வாத்தியாருக்கு ஊரில் யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். குடும்பத்துக்காகச் செய்தாள். சரி, குடும்பத்துக்காக. அப்படியென்றால் அவர் நாலரைக்கு வந்தபோதே ஏன் சொல்லவில்லை? செருப்பைக் கழற்றினார், கரண்ட் வரலியா என்றார், முகம் கழுவினார், டீ குடித்தார். டீ குடிக்கட்டும் என்று இருந்தாள். கொஞ்சம் படுக்கட்டும் என்று இருந்தாள். கெசியா வரட்டும் என்று இருந்தாள். பயத்தில் செய்தவள் சொல்லியிருப்பாள், சொல்லி அழுதிருப்பாள். சொல்லாமல் வைத்துக்கொண்டு, அவர் டீ குடிப்பதை நின்று பார்த்தாளே, அது என்ன? இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஊரில் ஒன்பதரை மணி. இப்போது ஒரு போன் போட்டு நிறுத்துங்கள் என்றால் நிறுத்துவார்கள், காலையில் கடிதம் கொடுத்தால் நாளை மறுநாள் அவர் விமானம் ஏறலாம். இன்னும் ஒரு மணி நேரம் போனால் சேதி ஊரெல்லாம் போய்விடும், குழி வெட்டச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் யார் சொன்னாலும் நிற்காது.

"எடுத்துருங்க" என்பது அவள் வார்த்தையே இல்லை. அவர் வார்த்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா இறந்த அன்று, இதே வீட்டில், இதே ஃபிரிட்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் அவளுடைய தம்பியிடம் போனில் சொன்னது. "அவ வரல மாப்ள. நீங்க எடுத்துருங்க." இவள் அடுக்களையில் நின்று கேட்டாள். அதற்கப்புறம்தான் அவர் உள்ளே வந்து அவளிடம் சொன்னார், "இப்பக் கிளம்புனாலும் போயிச் சேர நாளைக்கழிச்சு ஆயிரும். கெசியாவ யாரு பாப்பா? போயி என்ன செய்யப்போற ஜெயா?" நல்ல மனுஷன், குரலைக்கூட உயர்த்தவில்லை, தோளில் கைவைத்துத்தான் சொன்னார். சரிங்க என்றாள். சண்டை போட்டிருக்கலாம். சரிங்க என்றுதான் வாயில் வந்தது, பத்தொன்பது வருஷமாக அதுதான் வாயில் வருகிறது. மறுநாள் போனில் அடக்கம் பார்த்தாள். பெட்டியை மூடுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது, அப்பாவின் முகம் பாதி, யாரோ ஒருவருடைய கை பாதி. மறுபடி ஓட ஆரம்பித்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு மாமா நேமா, இந்த ஊரில் மாமா என்றால் அம்மா, நேமாவின் அம்மா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழுகையைக் கேட்டு வந்தாள். "போலே சானா" என்றாள், இந்த ஊர் ஆறுதல் வார்த்தை. அரை மணி நேரத்தில் தெருப் பெண்கள் பத்துப் பேர் பாயும் பாத்திரமுமாக வந்து உட்கார்ந்தார்கள், ஒருத்திக்கும் அவள் அப்பாவைத் தெரியாது, உட்கார்ந்து பாடினார்கள், சமைத்தார்கள், மூன்று நாள் போகவில்லை. பெற்ற தகப்பனுக்கு அவள் அழுதது அந்நிய பாஷைக்காரிகளின் மடியில்தான்.

ஆனால் அப்பா செத்தது மனதில் உறைத்தது அந்த அடக்கத்தில் இல்லை. அதற்கு முந்தின நாளே, அப்பா இறந்த அன்று சாயங்காலம், ஏழு மணி ஜெபத்தில்தான். அவருடைய ஜெபத்தில் ஒரு வரிசை உண்டு, வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி, ஒருநாளும் மாறாது. முதலில் அண்ணன், அடுத்தது சுகிர்தம் அக்கா, அடுத்தது மாமா, அதாவது இவள் அப்பா, அப்புறம் என் மனைவி ஜெயசீலி, அப்புறம் கெசியா. அன்றைக்கு அக்கா பேரைச் சொன்னார், அடுத்து என் மனைவி ஜெயசீலி என்றார். அவ்வளவுதான். நம்ம சபையில் செத்தவர்களுக்கு ஜெபிக்கிற வழக்கம் இல்லை, அது கத்தோலிக்கர் செய்கிறது, மூச்சு நின்றால் அதோடு சரி, இனி அவர் ஆண்டவர் பொறுப்பு என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவளும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சரியான உபதேசம்தான். ஆனால் முந்தின நாள் வரைக்கும் இருந்த பேர் அன்றைக்கு இல்லை. ஒரு இடறல்கூட இல்லாமல் அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போனார். அப்பா இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்போ அதற்குத்தானா இது? மூன்று வருஷமாக உள்ளே வைத்திருந்து, ஆல்வின் கேட்டதும் எடுத்து நீட்டினாளா? இல்லை, இல்லை, பெர்மிட், பரீட்சை. தேவதாசன் அத்தான் என்ன பாவம் செய்தார். எபனேசர் முதல் தடவை வெளிநாடு கிளம்பியபோது திருவனந்தபுரம் வரைக்கும் கூட வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், விமானம் போகிற மட்டும் வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற மனுஷன். டிசம்பரில் போய் அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமைகூட எபனேசர் சொன்னார். இவள் தன்னைப் பற்றி இப்படி ஒன்றை இதுவரை நினைத்ததில்லை. பயமாக இருந்தது.

"பெரியப்பாவுக்கு நல்ல சுகம் கொடுங்க" என்று கெசியா சொல்வது காதில் விழுந்தது, "டிசம்பர்ல நாங்க எல்லாரும் போயி அவங்களப் பாக்கணும்." எபனேசர், "ஆமென், ஆண்டவரே" என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு ஜெயசீலியின் முதுகில் அடி விழுந்த மாதிரி இருந்தது. பிள்ளை ஆமென் சொல்லி முடித்துவிட்டாள். இனி இவள் முறை. மின்விசிறி சுற்றியது. ஒரு கொசு காதோரம் வந்து போனது. ஏதாவது சொல்ல வேண்டும். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தாள், குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. இந்த நாளுக்காக நன்றி என்றாள். எந்த நாளுக்காக? ஆகாரத்துக்காக நன்றி, கரண்ட் வந்ததற்காக நன்றி என்றாள், கெசியா சிரிப்பை அடக்குகிறது தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம், ஜெபத்துக்குள்ளேயே வைத்து, ஆண்டவரே, எங்கள் அத்தானை இழந்த குடும்பத்துக்கு ஆறுதல் தாரும் என்று, ஆண்டவரிடம் சொல்கிற மாதிரி அவரிடம் சொல்லிவிடலாம். அது கோழைத்தனம். ஆண்டவருக்கு ஐந்து மணிக்கே தெரியும். ஊரில் எல்லாருக்கும் சமாதானம் தாரும் என்றாள். எல்லாருக்கும் என்று மொத்தமாகப் போட்டால் அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்குப் பெலன் தாரும் என்றாள், அதை மட்டும் உண்மையாகக் கேட்டாள். ஆமென் என்றாள். சொல்லாமலே முடித்துவிட்டாள்.

எபனேசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் ஜெபம் எப்போதும் நிதானமாக, கரும்பலகையில் கணக்குப் போடுகிற மாதிரி, ஒரு வரி விடாமல் போகும். ஸ்தோத்திரம் சொன்னார், பாவங்களை அறிக்கையிட்டார். அடுத்தது அண்ணன். இனி நாலைந்து வாக்கியம்தான். அவர் சுகம் கேட்பார், அங்கே ஹாலில் மாலையோடு கிடக்கிறவருக்கு இங்கே சுகம் கேட்பார், இவளும் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஆமென் போடுவாள். நாளைக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது, தெரிகிற அன்றைக்கு அவருக்கு அண்ணன் செத்தது ஒரு துக்கம் என்றால், பொண்டாட்டி தெரிந்துகொண்டே தன்னை அந்த ஜெபம் பண்ணவிட்டாள் என்பது இன்னொன்று, அதை எந்தக் காலத்திலும் ஆற்ற முடியாது. அவள் அப்பாவின் பேரை அவர் தாண்டிப் போனாரே, அது கொடுமை. இது அதைவிடப் பெரிய கொடுமை. சொன்னால் அவர் போவார், போனால் வேலை என்ன ஆகும், கெசியா என்ன ஆவாள். அதை அவர் யோசிக்கட்டும், அவருடைய அண்ணன். "என் சகோதரன் தேவதாசனை உம்முடைய கரத்தில் வைக்கிறேன் ஆண்டவரே," என்றார் எபனேசர், "அவர் சரீரத்தை நீர் தொட்டு..."

ஜெயசீலி கண்ணைத் திறந்தாள். கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க. அத்தானுக்கு ஜெபிக்க வேண்டாம்."

அவர் நிறுத்தினார். கண் மூடியே இருந்தது. அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு, அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கெசியாதான், "மம்மி?" என்றாள்.

"எப்போ?" என்றார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நம்ம நேரம் ரெண்டரை. ஆல்வின் மூணு மணிக்குப் பேசினான்." இங்கே நிறுத்தினால் திரும்ப வாய் வராது என்று தெரிந்தது. "நீங்க வருவியளா, வைச்சிருக்கணுமான்னு கேட்டான். வரமுடியாது, எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன். நாளைக்கு நாலு மணிக்கு."

எபனேசர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். கணக்கில் எங்கே பிசகியது என்று தேடுகிற மாதிரி பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஆமென் சொல்லாமல் பாயிலிருந்து எழுந்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் எழ முடிந்தது. ஃபிரிட்ஜின் பக்கம் போய், சார்ஜர் வயரோடேயே போனை எடுத்து ஆன் செய்து, ஆல்வினின் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார்.

"ஆல்வின், சித்தப்பா பேசுதேன்... ம்... ம்... அழாத. அப்பாவ எடுக்காண்டாம். ஃப்ரீசர்ல வைங்க. நான் வாரேன்." அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். "அது சித்தி தெரியாமச் சொன்னது. நான் வாரேன்."

தெரியாமல் சொன்னது என்று ஜெயசீலியைப் பையனிடம் விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டார், வேலை போனால் போகட்டும், கடிதம் காலையிலேயே எழுதிவிடலாம், சட்டைகள் மடித்துத்தான் இருக்கின்றன. தனக்குக் கிடைக்காததை அவருக்குக் கொடுத்துவிட்டாள், தாமதமாகத்தான், ஆனாலும் கொடுத்துவிட்டாள். அழுகை வந்தது, அது யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் திரும்பி வந்து, அதே இடத்தில், மெதுவாக, மறுபடி முழங்கால் போட்டார். கண்ணை மூடினார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"என் சகோதரி சுகிர்தத்தை ஆசீர்வதியும்," என்றார். குரல் உடைந்தது, சரிசெய்துகொண்டார். ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள், அடுத்தது அவள் பேர். மின்விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது. "என் மகள் கெசியாவை ஆசீர்வதியும்."

கெசியாதான் சின்னக் குரலில் சொன்னாள், "டாடி, மம்மிய விட்டுட்டீங்க."

எபனேசர் கண்ணைத் திறக்கவில்லை. "ஆமென்" என்றார்.